காது மந்தமானவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூளை என்ன செய்கிறது?

எங்கள் பக்கத்தில் கை கால் முறிந்தால் யாரும் யோசித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள், அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். கண்ணில் புரை விழுந்தால் முகாம் எங்கே நடக்கிறது என்று நாலு பேரிடமாவது விசாரிப்பார்கள். காதுக்கு மட்டும் அந்த அவசரம் கிடையாது. நகரி, ஏகாம்பரகுப்பம், இந்தப் பக்கம் வந்தால் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை என்று விசைத்தறி ஓடும் எந்தத் தெருவில் கேட்டாலும் “தறிக்காரனுக்குக் காது மந்தமாத்தான் இருக்கும், அதுக்கென்ன பண்றது” என்பதுதான் பதில். 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே நின்றுவிட்டன. இரண்டு பக்கமும் அதே தறி, அதே சத்தம், அதே பதில்.

நான் திருப்பதியில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்ஆர்ஐ டெக்னீஷியன். வீடு ஏகாம்பரகுப்பம். தலையை ஸ்கேன் எடுப்பது தினசரி வேலை என்பதால் மூளையைப் பற்றி வரும் ஆராய்ச்சிகளை விடாமல் படிக்கிற பழக்கம் உண்டு. அதில் என்னை ரொம்ப நாளாகப் பிடித்து வைத்திருக்கும் விஷயம் இது: காது கேட்காதவரின் மூளை, யாரும் பேசாதபோது, எந்த வேலையும் கொடுக்காதபோது, வெறுமனே படுத்திருக்கும்போதே வேறு மாதிரி இயங்குகிறது என்று ஸ்கேன்கள் காட்டுகின்றன. சத்தத்தைக் கேட்கும்போது வேறுபாடு இருந்தால் அதில் ஆச்சரியமில்லை. சும்மா இருக்கும்போதும் இருக்கிறது என்பதுதான் நம் வீடுகளில் யாருக்கும் தெரியாத சங்கதி.

எங்கள் பெரியப்பாவை வைத்துச் சொன்னால் சுலபமாக இருக்கும். மீசை முளைக்கும் வயதில் தறிச் செட்டுக்குள் போனவர், அறுபது தாண்டும்வரை அங்கேதான். தகரக்கூரை, சிமெண்டுச் சுவர், சத்தம் வெளியேற வழி இல்லாத அறை. ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாக்கட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அடிபடும் ஒவ்வொரு தடவையும் மரம் மோதும் சத்தம், ஒரு தறிக்கே நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல், அப்படி வரிசையாக எத்தனை தறி. உள்ளே இருப்பவர்கள் வாயால் பேசிக்கொள்ள மாட்டார்கள், கையாலும் புருவத்தாலும்தான் பேச்சு. சின்ன வயதில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனால் நான் வாசலில் நின்று கையை ஆட்டுவேன், அவர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார், அதற்கு அர்த்தம் “இந்தத் தார் முடியட்டும், வரேன்”. தார் என்றால் நாடாவுக்குள் இருக்கும் நூல் கண்டு.

இப்போது திண்ணையில் உட்கார்ந்திருப்பார். வருகிறவர்களின் முகத்தை, குறிப்பாக வாயைப் பார்ப்பார். “சீட்டுக்காரர் வந்தாராங்க?” என்று பெரியம்மா கேட்டால், “எந்த வீட்டுக்காரர்? இது நம்ம சொந்த வீடு தானே” என்பார். இதை வைத்து வீட்டில் சிரிப்பு நடக்கும், அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் இந்தத் தவறு சும்மா வந்ததில்லை. காதின் நத்தை எலும்புக்குள் இருக்கும் மயிர்ச் செல்களில், பெரும் சத்தத்துக்கு முதலில் பலியாவது 4000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தைக் கேட்கும் செல்கள். போனால் போனதுதான், மனிதனுக்கு அவை திரும்ப முளைப்பதில்லை. உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த அலைவரிசையில் இருக்கிறது, அதனால் ‘ஈ’ அவருக்குத் தெளிவாகக் கேட்கிறது. ‘ச’ என்ற சீறல் மேலே இருக்கிறது, அது கேட்பதில்லை. மீதியை மூளை ஊகித்து நிரப்புகிறது. “சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல” என்று தறிக்காரர்கள் எல்லோரும் சொல்வது இதைத்தான்.

எல்லையோரத்தில் இந்த ஊகம் இன்னும் கஷ்டம் என்று எனக்குத் தோன்றும். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, பஸ் ஸ்டாண்டில் பாதி பாதி. எதிரில் இருப்பவர் எந்த மொழியில் ஆரம்பிக்கப் போகிறார் என்றே தெரியாமல் முதல் இரண்டு சொல்லைத் தவறவிட்டால், மீதி வாக்கியத்தை எந்த மொழியில் போட்டுப் பார்ப்பது? உதட்டைப் பார்த்தாலும் ‘பாடு’ம் ‘மாடு’ம் ஒரே மாதிரிதான் தெரியும். பெரியப்பா சந்தைக்குப் போவதை நிறுத்தியது கால் வலியால் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவரைக் கேட்டால், “அங்க போயி யாருகிட்டம்மா பேசறது” என்றார்.

சரி, ஸ்கேனுக்கு வருகிறேன்.

மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் அதிகமாக வரும். ஆக்சிஜன் உள்ள ரத்தத்துக்கும் இல்லாத ரத்தத்துக்கும் காந்தப் பண்பு வேறு. இந்தச் சின்ன வித்தியாசத்தைப் படமாக்கலாம் என்று 1990-ல் செய்ஜி ஒகாவா காட்டினார், அதிலிருந்து பிறந்ததுதான் எஃப்எம்ஆர்ஐ. முதலில் எல்லோரும் இதைப் பயன்படுத்தியது ஏதாவது வேலை கொடுத்துப் பார்க்க: விரலை ஆட்டு, படத்தைப் பார், சொல்லைக் கேள். 1995-ல் பரத் பிஸ்வால், அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, ஆட்களை எதுவும் செய்யாமல் படுக்க வைத்து எடுத்த படங்களைக் கவனித்தார். இடது கையை இயக்கும் பகுதியும் வலது கையை இயக்கும் பகுதியும், கை அசையாதபோதும், ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. மெதுவான ஏற்ற இறக்கம், ஒரு சுற்றுக்குப் பத்து விநாடிக்கும் மேலே ஆகும். மூச்சாலும் இதயத்துடிப்பாலும் வரும் குப்பை என்று பலர் அப்போது ஒதுக்கிவிட்டார்கள். இன்றைக்கு அது ஒரு தனித் துறை.

ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், மூளை நம் உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் உடல் செலவழிக்கும் சக்தியில் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. நாம் மும்முரமாக ஏதாவது செய்யும்போது இந்தச் செலவு கொஞ்சம்தான் கூடுகிறது, பெரும்பாலும் 5 சதவீதத்துக்கும் குறைவு. மற்றதெல்லாம் சும்மா இருக்கும்போதும் நடக்கிற செலவு. 2001-ல் மார்கஸ் ரெய்க்கிளும் அவரோடு வேலை செய்தவர்களும், நாம் வெளியே கவனம் செலுத்தாமல் இருக்கும்போது கூடுதலாக இயங்கி, வேலை வந்ததும் அடங்குகிற பகுதிகளின் ஒரு கூட்டத்தை விவரித்தார்கள். டீஃபால்ட் மோட் நெட்வொர்க் என்று பெயர். பழையதை நினைப்பது, நாளைக்கு என்ன என்று யோசிப்பது, அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று கணக்குப் போடுவது, இதெல்லாம் நடக்கும்போது அங்கேதான் இயக்கம் தெரிகிறது.

ஆகவே திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதரின் மூளை சும்மா இல்லை. அடுத்த கேள்வி, பல வருஷமாகச் சத்தம் சரியாக உள்ளே வராதவருக்கு இந்த ஓட்டம் எப்படி இருக்கும் என்பது.

படிக்கக் கிடைக்கும் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவது சில விஷயங்கள். கேட்கும் பகுதிகளின் ஓய்வுநேர இயக்கம் மாறுகிறது. இரண்டு காதுப்பக்கமும் சேர்ந்து ஏறி இறங்கும் ஒத்திசைவு தளர்கிறது. பார்வைப் பகுதிகளோடும் கவனத்தைத் திருப்பும் பகுதிகளோடும் கேட்கும் பகுதிக்கு இருக்கிற தொடர்பு மாறுகிறது. டீஃபால்ட் மோட் நெட்வொர்க்குக்குள்ளும் பிணைப்புகள் மாறுகின்றன. ஆனால் எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்பதில் ஆய்வுக்கு ஆய்வு ஒத்துப்போவதில்லை. பல ஆய்வுகளில் சில பத்துப் பேர்தான். பிறவியிலேயே கேட்காதவர், வயதாகிக் கேட்காமல் போனவர், ஒரு காது மட்டும் போனவர், எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கவும் முடியாது. இதை மறைத்துவிட்டு “மூளை சுருங்கிவிடும், உடனே காது மிஷின் வாங்குங்கள்” என்று விளம்பரம் செய்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. பயந்து வாங்கிய மிஷின் ஒரு மாதத்தில் அலமாரிக்குப் போய்விடும்.

இன்னொரு சிக்கல், என் தொழிலைச் சேர்ந்தது. எம்ஆர்ஐ மிஷின் பயங்கரமாகச் சத்தம் போடும் கருவி. எஃப்எம்ஆர்ஐ எடுக்கும்போது உள்ளே 100 டெசிபெல்லைத் தாண்டும், காது அடைப்பான் போட்டுத்தான் ஆளை உள்ளே அனுப்புவோம். பெரியப்பாவுக்கு ஒரு தடவை தலை ஸ்கேன் எடுக்க வேண்டி வந்தபோது வெளியே வந்து, “செட்டுக்குள்ள படுத்த மாதிரியே இருந்துச்சும்மா, தூக்கம் வந்துடுச்சு” என்றார். மற்றவர்கள் பயந்து பட்டனை அழுத்தும் இடம் அது.

இப்போது யோசித்துப் பாருங்கள். ‘ஓய்வில் இருங்கள்’ என்று இரண்டு பேரைப் படுக்க வைக்கிறோம். நன்றாகக் கேட்பவரின் கேட்கும் பகுதி அந்த இரைச்சலை வாங்கி இயங்கிக்கொண்டே இருக்கிறது. கேட்காதவருக்கு அது பாதிதான் போகிறது. படத்தில் வரும் வேறுபாட்டில் எவ்வளவு ஓய்வுடையது, எவ்வளவு மிஷின் சத்தத்துடையது? நல்ல ஆய்வாளர்கள் இதைப் பற்றித் தலையை உடைத்துக்கொள்கிறார்கள். காதுக்குள் காக்ளியர் கருவி (கேட்கும் நரம்பை மின்சாரத்தால் தூண்டுவது) பொருத்தியவர்களுக்கு இன்னும் கஷ்டம், அதற்குள் காந்தம் இருக்கிறது. வெளியே மாட்டும் சாதாரண காது மிஷினையும் ஸ்கேன் அறைக்குள் கொண்டுபோக முடியாது. அதனால்தான் காது ஆராய்ச்சியில் வேறு வழிகளும் ஓடுகின்றன: தலையில் மின்முனை ஒட்டிப் பார்க்கும் ஈஈஜி, மண்டையோட்டின் வழியே ஒளியைச் செலுத்தி ரத்தத்தைப் பார்க்கும் முறை, அப்புறம் பெட் ஸ்கேன். பெட் ஸ்கேனில் ஒரு வசதி இருக்கிறது. கதிரியக்கச் சர்க்கரையை ஊசியில் ஏற்றிவிட்டு அமைதியான அறையில் உட்கார வைத்துவிடலாம். அந்த நேரத்தில் மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு சர்க்கரையைத் தின்றதோ அது அங்கேயே தங்கிவிடும். பிறகு மிஷினுக்குள் வைத்துப் பார்த்தால், தெரிவது அந்த அமைதியான அறையில் நடந்தது.

அப்படி எடுத்த ஒரு ஆய்வைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 2001-ல் தென்கொரியாவின் சியோலில் இருந்து ‘நேச்சர்’ இதழில் வந்தது. பேச்சு வருவதற்கு முன்பே காது கேட்காமல் போன குழந்தைகளுக்கு, காக்ளியர் கருவி பொருத்துவதற்கு முன்னால், ஓய்வில் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். கேட்கும் பகுதி சர்க்கரையைக் குறைவாகவே எடுத்துக்கொண்டது. எதிர்பார்த்ததுதான். ஆனால் கேட்காமல் கழிந்த வருஷங்கள் கூடக் கூட, அந்தக் குறைவான இடம் சிறுத்துக்கொண்டே வந்தது, அதாவது படத்தில் மூளை ‘நார்மல்’ ஆகிக்கொண்டே வந்தது.

ரிப்போர்ட்டில் நார்மல் என்று இருந்தால் நாம் சந்தோஷப்படுவோம். இங்கே கதை நேர்மாறு. கருவி பொருத்திய பிறகு பேச்சை நன்றாகப் பிடித்துக்கொண்ட குழந்தைகள் யார் என்றால், முன்பு எடுத்த படத்தில் அந்த இடம் பெரிய அளவில் மங்கிக் கிடந்தவர்கள். நார்மலாகத் தெரிந்தவர்களுக்குப் பலன் குறைவு. பூட்டிக் கிடந்த வீட்டில் விளக்கு எரிகிறது என்றால் சொந்தக்காரர் வந்துவிட்டார் என்று அர்த்தமில்லை, வேறு யாரோ குடிவந்திருக்கிறார்கள். ஒலி வராத இடத்தைப் பார்வையும் மற்ற வேலைகளும் எடுத்துக்கொண்டன என்றுதான் அந்த ஆய்வாளர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். ஒலியை அனுப்பும் கருவி பிறகு வந்தபோது இடம் காலியாக இல்லை.

இதைப் படிக்கிற யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன், சைகை மொழியில் வளர்ந்து அதிலேயே யோசித்து, சண்டை போட்டு, கதை சொல்லும் ஒருவரின் மூளையில் கேட்கும் பகுதி பார்வைக்கு வேலை செய்வது குறையே இல்லை. அது அந்த மூளையின் முழுமையான வாழ்க்கை. நான் கவலைப்படுவது, ஒலியை வைத்தே வாழ்ந்து, வேறு மொழி எதுவும் கையில் இல்லாமல், மெதுவாக அதை இழக்கிறவர்களைப் பற்றி. எங்கள் தெருக்காரர்களைப் பற்றி.

பெரியவர்களுக்கும் இந்த இடமாற்றம் நடக்குமா? அமெரிக்காவின் கொலராடோவில் அனு ஷர்மாவின் குழு ஈஈஜி வைத்து இதைப் பல வருஷமாகப் பார்த்துவருகிறது. வயதால் லேசாகக் காது மந்தமானவர்களுக்கு, திரையில் அசையும் உருவங்களைக் காட்டியபோது, கேட்கும் பகுதியில் இயக்கம் வந்தது. லேசான இழப்பு என்பதைக் கவனிக்க வேண்டும். “இன்னும் அவ்வளவு மோசமாகலையே” என்று வீட்டில் தள்ளிப்போடும் கட்டம் அது. 2020-ல் அதே குழு வெளியிட்டதில், பொருத்தமாக அளவு பார்த்துக் கொடுத்த காது மிஷினை ஆறு மாதம் போட்ட பிறகு இந்த இடமாற்றம் பழைய நிலைக்குத் திரும்பியது என்று இருக்கிறது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரியவர்களின் மூளைகூட, உள்ளே ஒழுங்காகச் சத்தம் வந்தால், திரும்ப இடம் கொடுக்கிறது.

அப்புறம் காது இரைச்சல். தறியை விட்டு வந்த பல பேருக்கு அமைதியான அறையில்தான் சத்தம் அதிகம், ‘ங்ஙொய்’ என்று விடாமல். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஃபாத்திமா ஹுசைன் குழு, காது மந்தம் மட்டும் உள்ளவர்களையும் மந்தத்தோடு இரைச்சலும் உள்ளவர்களையும் தனித்தனியாகப் பிரித்து ஓய்வுநேர ஸ்கேன் எடுத்துவருகிறது. இப்படிப் பிரிக்காவிட்டால் எதால் எது என்று தெரியாது. நீண்ட நாளாக இரைச்சல் உள்ளவர்களிடம் பிரிகூனியஸ் என்ற பகுதி, ஓய்வில் எந்தக் கூட்டத்தோடு சேர்ந்திருக்க வேண்டுமோ அந்த டீஃபால்ட் மோட் கூட்டத்தோடு பிணைப்புத் தளர்ந்து, கவனத்தைப் பிடித்து வைக்கும் பகுதிகளோடு கூடுதலாகச் சேர்ந்திருப்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். மூளை முழுதாக ஓய்வுக்குப் போவதில்லை, ஏதோ ஒன்றைக் காவல் காத்துக்கொண்டே இருக்கிறது என்று நான் இதைப் படிக்கிறேன். பெரியப்பா ராத்திரி ஃபேனை வேகமாக ஓடவிட்டுத்தான் தூங்குவார், மார்கழியிலும். அந்த ஃபேன் சத்தத்தில் உள்ளிரைச்சல் அமுங்கிவிடுமாம்.

வீட்டில் எல்லோரும் அவரைப் பற்றிச் சொல்வது, “அவர் பாட்டுக்கு இருக்காரு, யாருக்கும் தொந்தரவில்ல.” பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டால் வயிற்றைப் பிசைகிறது. அவர் ‘பாட்டுக்கு’ இருப்பது குணம் இல்லை. ஒரு நாளில் அவர் காதுக்குள் வந்து போகும் மனிதப் பேச்சு எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பேச்சைப் பிடிக்க ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூளையைக் கசக்கி, களைத்துப்போய், கடைசியில் முயற்சியை விட்டுவிட்ட ஒருவரைத்தான் நாம் சாந்தமானவர் என்கிறோம்.

இது மறதி நோய் வரைக்கும் போகிற விஷயம். 2011-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் லின் குழு, 639 பேரைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்ததில், லேசான காது மந்தம் உள்ளவர்களுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, நடுத்தரமானவர்களுக்கு மூன்று மடங்கு, கடுமையானவர்களுக்கு ஐந்து மடங்கு என்று வந்தது. காது மந்தம்தான் காரணம் என்று இதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது, இரண்டுக்கும் பொதுவாக ரத்தக்குழாய் பிரச்சினை இருக்கலாம். அதனால் மிஷின் கொடுத்தே பார்க்கலாம் என்று அச்சீவ் என்ற பெரிய சோதனை நடந்தது, 70 முதல் 84 வயது வரை 977 பேர், மூன்று வருஷம், முடிவு 2023-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே இதய நோய் ஆய்வொன்றில் இருந்து வந்த, வயதும் ஆபத்துக் காரணிகளும் கூடுதலாக இருந்த பிரிவில் மட்டும், மிஷின் போட்டவர்களுக்கு யோசிக்கும் திறன் சரிவது 48 சதவீதம் குறைவாக இருந்தது. சர்க்கரையும் பிபியும் உள்ள, வயதான நம் தறிக்காரர்கள் எந்தப் பிரிவுக்குப் பக்கத்தில் வருவார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு இருக்க, நம் சட்டம் என்ன சொல்கிறது? சத்தத்தால் வரும் காது மந்தம், அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் இருக்கிறது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெல் என்று உச்சவரம்பும் விதியில் இருக்கிறது. விசைத்தறி செட்டு அதைத் தாண்டித்தான் ஓடும். வீட்டோடு ஒட்டிப் போட்ட நாலு தறிச் செட்டு சட்டத்தின் கண்ணில் தொழிற்சாலையே இல்லை, யார் அளப்பது? 2016-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, இரண்டு காதிலும் பேச்சு அலைவரிசையில் 60 டெசிபெல் இழப்பு இருந்தால்தான் காது மந்தமானவர் என்ற கணக்கில் வருவார்கள். சத்தம் முதலில் கடிப்பது உயர்ந்த அலைவரிசையை, தாழ்ந்தது மிச்சம் இருக்கும். அதனால் பேச்சு புரியாமல் தவிக்கிறவர் சான்றிதழுக்கு வெளியே நிற்பார். பெரியப்பாவை முதலில் அழைத்துப்போன இடத்தில், “வயசாயிடுச்சு, வேற ஒண்ணும் இல்ல” என்று இரண்டு நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள், ஒலிச் சோதனைகூட எடுக்கவில்லை. வேறு இடத்தில் எடுத்த ஆடியோகிராமில், 4000-க்கு நேராகக் கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது, 2000-லேயே சரிவு ஆரம்பித்துவிட்டது.

செட்டுக்குள் காது அடைப்பான் கொடுத்தால் போடுவார்களா என்று கேட்பீர்கள். என் சித்தப்பா பையன் இன்னும் தறி ஓட்டுகிறான், அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். “அக்கா, இழை அறுந்தா தறி சத்தம் மாறும், அதை வெச்சுத்தான் நாங்க ஓடிப்போய் நிறுத்துவோம், இதைப் போட்டா எப்படித் தெரியும்?” என்றான். நியாயமான கேள்வி. சத்தத்தை ஒரே அடியாக அடைக்காமல் எல்லா அலைவரிசையையும் சமமாகக் குறைத்துத் தரும் அடைப்பான்கள் இருக்கின்றன, தறியின் மாற்றம் அதில் தெரியும். இப்போது அதைப் போட்டுக்கொள்கிறான், முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. மற்ற பையன்கள் வாங்கித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்.

பெரியப்பா மிஷின் போட ஆரம்பித்திருக்கிறார். முதல் சில வாரம் பாத்திரம் கழுவும் சத்தம், பேப்பர் புரட்டும் சத்தம், தன்னுடைய குரல், எல்லாமே அவருக்கு அடிப்பது போல இருந்தது. பல வருஷமாக உள்ளே போகாத ஒலி திடீரென்று போனால் அப்படித்தான் இருக்கும், மூளைக்குப் பழக நேரம் வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலோர் கழற்றி வைத்துவிடுகிறார்கள். அதனால் வாங்கிக் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். முதலில் டிவியை அணைத்துவிட்டு, வீட்டுக்குள், ஒரே ஒருவர் பேசும்போது மட்டும் போடட்டும், பிறகு நேரத்தைக் கூட்டலாம். பேட்டரியின் ஸ்டிக்கரைப் பிரித்ததும் கொஞ்சம் காற்றுப் படவிட்டு, பிறகு போடுங்கள். வியர்வை நம் ஊரில் பெரிய பிரச்சினை, ராத்திரி கழற்றியதும் ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். சத்த அளவைச் சரி செய்ய ஒரு தடவைக்கு மேலேயே போக வேண்டியிருக்கும், அதற்குக் கூட ஒருவர் போங்கள். எதுவெல்லாம் கேட்டது, எது உறுத்தியது என்று ஒரு நோட்டில் எழுதி எடுத்துப்போனால் அளவு வைப்பவருக்கு வேலை சுலபம். அந்த அறையில் யாராவது மாஸ்க் போட்டுக்கொண்டு பேசினால், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அதைக் கழற்றிவிட்டுப் பேசும்படி தயங்காமல் கேளுங்கள். கூட வந்த உங்களிடம் பேச ஆரம்பித்தால், அவரைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள்.